ராகு காலத்தில் ஏறும் ஆட்கள்

நீங்கள் தினமும் ஏறி இறங்கும் லிஃப்டை எப்போது நிறுத்திப் பழுது பார்க்கிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். நின்றுபோன அன்று மட்டும் வாட்ச்மேனைத் திட்டியிருப்பீர்கள். ஓடும் வரைக்கும் ஓடட்டும், யாரோ ஒருவர் ஏறி எண்ணெய் போட்டுக்கொள்வார் என்பதுதான் நம்முடைய மொத்த அறிவியல் பார்வை. அந்த யாரோ ஒருவருக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கும் வேலையில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி இங்கே சொல்லப்போகிறேன். படித்துவிட்டு அனுதாபப்பட வேண்டாம். அனுதாபம் நம் ஊரில் கொட்டிக் கிடக்கிறது. கடைசியில் உங்களிடம் ஒரு வேலை கேட்பேன்.

அவர் பெயர் சுலோசனா. மைசூரு விஜயநகரில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறார். அப்பா குப்புசாமி, கொள்ளேகால் தாண்டி ஹனூர் பக்கத்துத் தமிழர் கிராமமான மார்டள்ளியில் வானம் பார்த்து ராகி விதைத்து அலுத்துப்போய், மைசூருக்கு வந்து ஒரு ஆலையில் சேர்ந்தவர். சுலோசனா வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ் என்று மூன்று மொழியிலும் சண்டை போடக் கற்றுக்கொண்டு வளர்ந்தார். கணிதம் படித்தார். கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் பிறந்தாள், கணவர் கணேஷ்குமார் ஒரு கூட்டுறவு வங்கியில் இருக்கிறார். இதுவரை உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் வாழ்க்கைதான்.

வேலை மட்டும் கொஞ்சம் வேறு. கொள்ளேகால் போகும் சாலையில் பிரிந்து உள்ளே போனால், மேட்டுக்காட்டின் நடுவே ஒரு பெரிய ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. ஒரு மைதானத்தைக் கிண்ணமாக வளைத்து இரும்புக் கால்கள் மேல் தூக்கி வைத்தது போல இருக்கும். அங்கே வேலை செய்பவர்கள் அதை டிஷ் என்பார்கள். நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அது பார்ப்பதில்லை. அவற்றிலிருந்து வரும் ரேடியோ அலைகளை வாங்குகிறது. அதனால் அதற்கு இரவும் ஒன்றுதான், பகலும் ஒன்றுதான். மேகம் வந்தாலும் கவலையில்லை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் புத்தி ஒரே ஒரு நிறுவனத்தின் தனிச்சொத்து இல்லை.

அந்த டிஷ்ஷின் நேரத்தைப் பங்கு போடுவதுதான் சுலோசனாவின் வேலை. எங்கெங்கோ இருக்கும் ஆய்வாளர்கள் நேரம் கேட்டு விண்ணப்பம் போடுவார்கள். ஏழு பேர் கொண்ட குழு யாருக்கு முன்னுரிமை என்று முடிவு செய்யும். எந்த நாள், எந்த மணி என்று அட்டவணை போட்டு வெளியிடுபவர் சுலோசனா. முகூர்த்த மாதத்தில் கல்யாண மண்டபத்துக்குத் தேதி கொடுப்பவரின் நிலைமைதான். எல்லாருக்கும் அதே தேதி வேண்டும், எல்லாருக்கும் சிபாரிசு உண்டு. இந்த மண்டபத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும், இரண்டு நாள் மூட வேண்டும் என்று ஒருவர் அப்போது சொன்னால் என்ன நடக்கும்? அதைச் சொல்வதும் சுலோசனாவின் வேலைதான். கருவிகளைச் சோதிக்கவும், மோட்டாருக்கு எண்ணெய் விடவும், போல்ட்டை முடுக்கவும், தேய்ந்ததை மாற்றவும் நேரம் ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தில் டிஷ் வானத்தைப் பார்க்காது. பார்க்காத நேரத்தை வீணாய்ப்போன நேரம் என்று நினைக்கும் ஆட்களிடம் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

விஜயநகரில் அவருடைய வேலை யாருக்கும் புரிந்ததில்லை. நட்சத்திரம் பார்க்கும் ஆபீஸ் என்று மட்டும் தெரியும். மாடிப்படியில் எதிர்ப்படும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஒருநாள், "ஏம்மா சுலோசனா, எங்க பேத்தி அஷ்வினிக்கு குரு பார்வை எப்ப வருதுன்னு உங்க டிஷ்ல பாத்துச் சொல்லேன். பெரிய டிஷ்ஷாமே, கரெக்டா இருக்கும்ல?" என்று கேட்டார்.

"அது அதுக்கில்ல மேடம்."

"பின்ன எதுக்கு அவ்ளோ பெருசு?"

முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன அம்மாள். இவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். சிரித்துவிடாதீர்கள். அந்த டிஷ்ஷை ஆளும் ஏழு பேரும் இவரைவிட மோசம். இவருக்காவது தெரியாமல் கேட்டார் என்ற மன்னிப்பு உண்டு.

சில வருடங்களுக்கு முன் ஒரு மூத்த பேராசிரியர் வெள்ளிக்கிழமை முற்பகலில் தன் ஆய்வைத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போயிற்று, ஜெனரேட்டர் உடனே எடுக்கவில்லை, பதிவானதெல்லாம் பாழ். ஜெனரேட்டரை யாரும் பராமரிக்கவில்லை என்பது காரணம். பேராசிரியர் வீட்டில் வேறு காரணம் கண்டுபிடித்தார்கள். தொடங்கிய நேரம் ராகு காலம். அடுத்த தடவை அவர் சுலோசனாவிடம் வந்து, அந்த ஒன்றரை மணி நேரத்தில் தன் ஆய்வு தொடங்காதபடி பார்த்துக்கொள்ளும்படி மெல்லிய குரலில் கேட்டார். பிறகு இன்னொருவர் கேட்டார். பிறகு எல்லாரும். நாளடைவில் அது குழுவின் எழுதாத சட்டமாகிவிட்டது. தினமும் ராகு காலத்தில் டிஷ் சும்மா நிற்கும்.

ராகு என்பது என்ன? நிலாவின் பாதையும் சூரியனின் பாதையும் வானத்தில் வெட்டிக்கொள்ளும் ஒரு புள்ளி. அங்கே கல் இல்லை, மண் இல்லை, பாம்பும் இல்லை. இது அந்த ஏழு பேருக்கும் பால்பாடம். கிரகணம் எந்த நொடியில் தொடங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் ஆட்கள் அவர்கள். அந்தப் புள்ளி வாரத்தில் ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு நேரத்தில் மைசூருக்கு வந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறது என்பதற்கும் அவர்கள்தான் தலையாட்டினார்கள். தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள், ஒருவரும் நம்ப மாட்டார். "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லம்மா, மத்தவங்க மனசு புண்படக்கூடாது பாருங்க" என்பார் முதலாமவர். அதையே சொல்வார் இரண்டாமவர். நம்பிக்கை இல்லாத ஏழு பேர் சேர்ந்து ஒரு நம்பிக்கையை நடத்துகிறார்கள். கோயில் பூசாரிக்கு இருக்கும் நேர்மைகூட இதில் இல்லை.

இதோடு நின்றிருந்தால் வெறும் கேலிக்கூத்து என்று விட்டுவிடலாம். சும்மா நிற்கும் அந்த நேரத்தை என்ன செய்வது என்று யோசித்த ஒரு மூளை, அதைப் பராமரிப்புக்குக் கொடுத்துவிடலாம் என்றது. எல்லாரும் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். ஆய்வாளர்களுக்கு ஒரு நிமிடமும் நஷ்டமில்லை. தினசரி பராமரிப்பு நடக்கிறது என்று டெல்லிக்கு எழுதிக்கொள்ளலாம். தங்கள் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தக்கூட ஆகாத நேரம், இன்னொருவர் உயரத்தில் ஏறித் தொங்குவதற்கு ஆகும் என்பது ஏழு பேரில் ஒருவருக்கும் உறுத்தவில்லை. நம் நாட்டில் கெட்ட நேரம் எப்போதும் இப்படித்தான் பங்கிடப்படும். நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதைக் கீழே தள்ளுவது நமக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம்.

ஏறியவர்களில் ஒருவர் உதயகுமார். ஹனூர் பக்கம். ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கும் மெக்கானிக். மகான் ஒன்றுமில்லை. மணிக்கட்டில் மந்திரித்த கயிறு கட்டியிருப்பார், துணிச்சலைத் தொழில்திறமை என்று நினைத்துக்கொள்வார், சேஃப்டி பெல்ட்டை மாட்டச் சொன்னால் முகம் சுளிப்பார். சுலோசனாவை அக்கா என்று கூப்பிடுவார். கேன்டீனில் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஹனூர்த் தமிழைக் கேட்டால் சுலோசனாவுக்குச் சித்தப்பா வீட்டு ஞாபகம் வருகிறது என்பதால் வேண்டுமென்றே இழுத்துப் பேசுவார்.

ஒருநாள் அந்த மேசையில்தான் விஷயம் வெளியே வந்தது.

"ஏனுங்கக்கா, நேத்தும் பின்னு போடாமத்தான் ஏறுனமுங்க."

சுலோசனா சோற்றிலிருந்து கையை எடுத்தார். டிஷ்ஷின் மேல் ஆள் ஏறும்போது அதை வானம் பார்த்து மல்லாக்க நிறுத்தி, மோட்டாரை அணைத்து, இரண்டு பக்கமும் தொடைப் பருமன் பின்களைச் செருகிப் பூட்ட வேண்டும். பூட்டினால் எந்தக் காற்றுக்கும் அசையாது. பூட்டாவிட்டால் பிரேக் மட்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

"உனக்கென்னப்பா, பைத்தியமா?"

"பைத்தியம் எனக்கில்லீங்க. ரெண்டு பின்னையும் போட்டு எடுக்கறதுக்குள்ள நீங்க குடுக்கற நேரத்துல பாதி போயிருது. மிச்சத்துல மேல போயி காத்து வாங்கிட்டு வரட்டுங்களா?"

"பிரேக் தேஞ்சிருக்குன்னு நீதானே சொன்னே?"

"ஆமாங்க்கா. மாத்த வேண்டிய பிரேக்க நம்பித்தான் அத மாத்தற வேலையப் பாக்கறோம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ரெண்டு பக்கமும் மாத்தோணும். கழட்டறதுக்குள்ள மணி ஆயிருது, மறுபடியும் மாட்டிட்டு எறங்கிடறோம். மாசக்கணக்கா இதே கூத்துதானுங்க."

"எவ்வளவு வேணும்?"

"தொடர்ச்சியா ரெண்டு நாள் நிறுத்துனா முடிச்சுப்போடலாம். ஒண்ணு செய்யுங்க்கா. ஒரு ஜோசியனப் புடிச்சு, இந்த ரெண்டு நாளு டிஷ்ஷுக்கு ஆகாதுன்னு சொல்ல வெச்சிருங்க. ஒரு சீப்பு வாழப்பழத்துல வேல முடிஞ்சுது."

"போப்பா. அவனே மறுநாள் மாத்திச் சொன்னா?"

உதயகுமார் சிரித்தார். சுலோசனா சிரிக்கவில்லை. அந்த இரண்டு நாளை வாங்கியே தீர்வது என்று அன்று முடிவு செய்தார்.

குழுவின் தலைவர் சேகரன். நிறுவனத்தின் இயக்குநரும் அவரே. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். சுலோசனாவிடம் தமிழில் தொடங்கி, மறுக்கும்போது கன்னடத்துக்கும், அதட்டும்போது ஆங்கிலத்துக்கும் மாறுவார். கூட்டத்தில் சுலோசனா எழுந்து இரண்டு நாள் கேட்டார். பின் போடாமல் ஏறுகிறார்கள் என்பதையும் சொன்னார்.

"பின் போடாம ஏறச் சொன்னது யாரு?" என்றார் சேகரன்.

"யாரும் சொல்லல சார். நேரம் சொல்லுது."

"தினமும் குடுக்கறோமே. வேற எந்த டெலஸ்கோப்ல தினமும் மெயின்டனன்ஸ் நடக்குது, சொல்லுங்க பாப்போம்?"

"தினமும் ஒரு வாய் சாப்பாடு போட்டா வயிறு நிறையாது சார். உக்காந்து ஒரு வேளை சாப்பிடணும்."

யாரோ சிரித்தார்கள். சேகரனுக்கு அது பிடிக்கவில்லை. "இந்த சீசன்ல வெளிநாட்டு குரூப் ரெண்டு இருக்கு. வானம் நமக்காகக் காத்திருக்குமா?"

"அவங்க பிடிக்கப்போற அலை கிளம்பினப்ப மனுஷனே பொறக்கல சார். இன்னும் ரெண்டு நாள் அதுக்குத் தாங்கும். பிரேக்தான் தாங்காது."

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, சுலோசனா" என்றார் சேகரன், அன்பொழுக. கன்னடத்துக்கு மாறிவிட்டார். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது. அடுத்த விஷயம், விருந்தினர் மாளிகைக்குப் புது சோபா.

கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அந்த வாக்கியத்தின் பொருள். அதைச் சொல்பவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். அனுசரிப்பவர்தான் எங்கேயோ தொங்கிக்கொண்டிருப்பார்.

ஆடி மாதம் வந்தது, காற்றோடு. ஒரு வியாழக்கிழமை ராகு காலத்தில் உதயகுமார் ஏறினார், வழக்கம்போல் பின் போடாமல். இடப்பக்க பிரேக்கின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பெருங்காற்று ஒன்று டிஷ்ஷில் முட்டியது. பிரேக் வழுக்கியது. அத்தனை பெரிய இரும்பு மெதுவாக ஒரு சாண் அளவு சாய்ந்தது. அந்த ஒரு சாண் இடத்தில் உதயகுமாரின் வலது கால் இருந்தது.

மைசூரு ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சுலோசனா போனபோது உதயகுமார் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி தீபா வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம்.

"வாங்கக்கா. நேரம் போடறது நீங்கதானுங்களா?"

"ஆமாம்மா."

"ஊருல இருக்கற நேரமெல்லாம் வுட்டுப்போட்டு ராகு காலத்துலயா ஏத்தி வுட்டீங்க?"

"காலு போனதுக்கு ராகு காரணமில்ல தீபா. பிரேக் தேஞ்சிருந்துது. மாத்த நேரம் குடுக்கல. ராகுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

தீபா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணுமில்லீன்னா உங்க பெரிய படிப்புப் படிச்சவங்கெல்லாம் ஏனுங்க அந்த நேரத்துல தொடங்கறதில்ல? அவங்களுக்கு ஆகாது, எங்க வூட்டு ஆளுக்கு மட்டும் ஆகுமா?"

தீபாவின் மூடநம்பிக்கையை ஏளனம் செய்ய நமக்கு உரிமை வேண்டுமென்றால், முதலில் அந்த ஏழு பேரின் நாற்காலிகளைக் காலி செய்ய வேண்டும். எளியவர்கள் பகுத்தறிவோடு நடக்க மாட்டேன் என்கிறார்கள் என்று மேடைக்கு மேடை புலம்புகிறோம். அவர்கள் முன்னால் முனைவர் பட்டங்கள் பஞ்சாங்கம் புரட்டுகின்றன. பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

விசாரணை நடந்தது. பின் போடாதது தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. இது காகிதத்தில். காபி குடிக்கும்போது பேச்சு வேறு. "ராகு காலத்துல வேலை வெச்சதே தப்புப்பா, அப்பவே நினைச்சேன்" என்றார் ஒருவர். அந்த நேரத்தைப் பராமரிப்புக்குக் கொடுக்கலாம் என்று கண்டுபிடித்த அதே மூளைதான். ஆக, காகிதத்தில் குற்றவாளி உதயகுமார், காபியில் குற்றவாளி ராகு. இரண்டு நாள் கேட்டும் கொடுக்காத குழு எந்த இடத்திலும் இல்லை.

பிறகு ஜோசியரை நிறுவனத்தின் காரிலேயே அழைத்து வந்தார்கள். உதயகுமார் கேலிக்குச் சொன்னது ஒன்றும் வீண்போகவில்லை. டிஷ் முதன்முதலில் வானத்திலிருந்து அலையை வாங்கிய நாளும் நேரமும் கேட்டு, அதற்கு ஜாதகம் கணித்தார் ஜோசியர். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் ஜாதகம்! டிஷ்ஷுக்கு என்று ஒரு ராசி வந்தது. ராசி வந்தால் சந்திராஷ்டமமும் வரும். மாதத்தில் இரண்டு நாளும் கொஞ்சமும், நிலா அந்த ராசிக்கு எட்டாவது வீட்டில் இருக்குமாம். அந்த நாட்களில் டிஷ் எந்த நற்காரியத்திலும் ஈடுபடக்கூடாது. கழற்றுவது, பழுது பார்ப்பது, துடைப்பது, எண்ணெய் விடுவது போன்ற வேலைகள் செய்யலாம்.

சேகரன் சுலோசனாவைக் கூப்பிட்டு, பெரிய மனது செய்வதுபோல் சொன்னார்: "நீங்க கேட்ட ரெண்டு நாள் கிடைச்சாச்சு. மாசா மாசம். சந்தோஷம்தானே?"

"பிரேக் தேஞ்சதால நிறுத்தறோம்னு குறிப்புல எழுதிடலாமா சார்?"

"அப்படி எழுதினா முன்னாடியே ஏன் மாத்தலன்னு டெல்லியில கேப்பாங்க. காரணம் எதுவா இருந்தா என்னம்மா? நாள் கிடைச்சுதே."

சுலோசனா வாங்கிக்கொண்டார். இதற்காக அவரைக் குறை சொல்லும் தூய பகுத்தறிவாளர்கள் முதலில் அந்த ஏணியில் ஒரு தடவை ஏறிவிட்டு வரட்டும். அடுத்து ஏறப்போவது விஜய்குமார். உதயகுமாருக்கு ஒன்றுவிட்ட தம்பி, இரண்டு சின்னக் குழந்தைகள். அவரைக் கீழே தள்ளிவிட்டுக் கொள்கையைக் காப்பாற்றுவது எந்தப் பகுத்தறிவு?

முதல் மாதம் அந்த இரண்டு நாள் வந்தது. முதல் நாளின் பெரும்பகுதியை ஹோமம் தின்றது. டிஷ்ஷின் காலடியில் செங்கல் அடுக்கி, புகை எழுப்பி, மோட்டாருக்குக் குங்குமம் வைத்து, கட்டுப்பாட்டு அறையில் கணினிகளுக்கு மாலை போட்டார்கள். விஜய்குமாரும் மற்றவர்களும் கருவிப் பெட்டிகளோடு நிழலில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டார்கள். மிச்சமிருந்த நேரத்தில் இரண்டு பின்னையும் ஒழுங்காகப் போட்டு, இடப்பக்க பிரேக்கை மாற்றிச் சோதித்தும் பார்த்தார்கள். வலப்பக்கத்தைத் தொட நேரமில்லை. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினார்கள்.

அடுத்த மாதச் சந்திராஷ்டமம் அந்த இரண்டு வெளிநாட்டுக் குழுக்களில் ஒன்றின் ஆய்வு நாட்களில் வந்து விழுந்தது. சுலோசனா அதை முன்கூட்டியே பார்த்து, நாள் உண்டா இல்லையா என்று கேட்டார். சேகரன் ஜோசியரை ஃபோனில் பிடித்தார். பேசி முடிக்க ஒரு காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. பரிகாரம் உண்டாம். கறுப்பு உளுந்து தானம் செய்து, டிஷ்ஷின் மேற்குக் காலில் எலுமிச்சம்பழம் கட்டினால் தோஷம் இல்லை. எலுமிச்சை கட்டப்பட்டது. இரண்டு நாளும் வெளிநாட்டுக் குழுவுக்குப் போயிற்று.

கவனியுங்கள். உள்ளூர்த் தொழிலாளியின் காலுக்கு முன்னால் மலைபோல் நின்ற ராகுவும் சந்திரனும், வெளிநாட்டு விண்ணப்பம் என்றதும் ஒரு எலுமிச்சம்பழத்துக்கு வழிவிட்டுவிட்டார்கள். சாஸ்திரத்துக்கு யாரிடம் வளைய வேண்டும் என்று தெரியும். எப்போதும் தெரிந்திருக்கிறது.

ராகு காலத்தில் வேலை வைத்தது தப்பு என்று முடிவானதால், தினமும் கிடைத்த அந்த ஒன்றரை மணியும் போய்விட்டது. இப்போது பராமரிப்பு, தேவைப்படும்போது. அதாவது உடைந்த பிறகு. இடப்பக்கம் புது பிரேக், வலப்பக்கம் தேய்ந்த பிரேக். நடுநடுவே கிடைக்கும் சில நிமிடங்களில் விஜய்குமாரை ஏறிப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். பின் போடத்தான் வேண்டும் என்று அவர் நின்றால், ஒப்பந்தக்காரர், "ஊருக்குப் போய் ராகி வெதைக்கிறியா?" என்கிறார்.

அடுத்த பருவத்துக்கு அட்டவணை போடும் முறை வந்தபோது சுலோசனா ஒரு காரியம் செய்தார். வழக்கமாக ஆய்வுகளை முதலில் அடுக்கி, மிஞ்சியதில் பராமரிப்பை நுழைப்பார். இந்தத் தடவை முதல் இரண்டு நாளில் வலப்பக்க பிரேக் மாற்றுதல் என்று போட்டார். காரணம் என்ற இடத்தில், தேய்ந்துவிட்டது, இதே போல் தேய்ந்த இடப்பக்க பிரேக் வழுக்கி ஒருவர் கால் இழந்தார் என்று எழுதினார். அதற்குப் பிறகே ஆய்வுகள். சேகரன் திருத்தித் தரச் சொன்னார். சுலோசனா மறுத்தார்.

"உங்க வேலை அட்டவணை போடறது. முடிவு எடுக்கறது இல்ல."

"அட்டவணைதான் சார் போட்டிருக்கேன்."

"திஸ் இஸ் இன்சபார்டினேஷன்." ஆங்கிலம் வந்துவிட்டது, கீழ்ப்படியாமைக் குற்றச்சாட்டோடு.

"உதயகுமாருக்கு நான்தான் சார் நேரம் போட்டேன். என் கையால இன்னொருத்தருக்குப் போட மாட்டேன்."

சேகரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு சொன்னது, தெரிந்தோ தெரியாமலோ, இந்த முழுக்கதையிலும் அவர் பேசிய ஒரே உண்மை.

"யாராவது கேட்டாங்களா சுலோசனா? பேப்பர்காரன் கேட்டானா? எம்.பி. வந்தாரே, கேட்டாரா? வருஷா வருஷம் சயன்ஸ் டேக்கு அத்தனை பப்ளிக் வர்றாங்க. ஏலியன் இருக்கான்னு கேப்பாங்க, செல்ஃபி எடுப்பாங்க, போவாங்க. பிரேக் மாத்தியாச்சான்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் கேட்டதில்ல. உங்களுக்கு மட்டும் என்ன?"

சுலோசனாவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பதில் எழுதிவிட்டார், திருத்தவில்லை. வேறொருவரை வைத்து அட்டவணையை மாற்றும் ஏற்பாடு நடக்கிறது. வீட்டில் கணேஷ்குமார், "மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிக் குடுத்துடேன், லோன் ஓடுதில்ல" என்கிறார். மாடிப்படியில் தலைமையாசிரியை, "உனக்கு ஏழரை நடக்குதாம்மா?" என்று அக்கறையோடு விசாரிக்கிறார். உதயகுமார் ஹனூரில் ஒரு கடை வாசலில் ஸ்டூல் போட்டு செல்ஃபோன் ரிப்பேர் பழகுகிறார். தேய்ந்த பிரேக் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எலுமிச்சை மட்டும் வாடிப்போய், புதிது மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பராமரிப்பு தவறாமல் நடக்கிறது.

சேகரன் சொன்னது பொய்யாக வேண்டும். அதற்குத்தான் நீங்கள் வேண்டும். பிப்ரவரி கடைசியில் தேசிய அறிவியல் நாள் வரும். உங்கள் ஊரில் இருக்கும் ஆய்வுக்கூடமோ தொலைநோக்கியோ அணையோ மின்நிலையமோ, கதவைத் திறந்து உங்களை உள்ளே விடுவார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே விளக்கம் சொல்ல நிற்கும் பெரியவரிடம், எல்லாருக்கும் கேட்கும்படி கேளுங்கள்: பழுது பார்க்க இதைக் கடைசியாக எப்போது நிறுத்தினீர்கள், யார் மேலே ஏறினார், அவருக்குப் போதுமான நேரம் கொடுத்தீர்களா? அவர் சிரித்து மழுப்பினால், மறுபடி கேளுங்கள். பதில் வரும் வரைக்கும் செல்ஃபி எடுக்காதீர்கள்.